ஹொக்கி வரலாற்றிற் பின்காவலர்

பழந்தமிழர் படையின் முன்னணியைத் தூசி என்றும், பின்னணியைக் கூழை என்றும் வழங்கினர். தூசி முன்சென்று பொருவது. கூழை பின்நின்று தாங்குவது. தன் படை பின்னிட்ட வேளையிலும் தான் பெயராது தனித்து நின்று பகையைத் தடுக்கும் வீரனை, ‘எருமை மறம்’ என்னும் துறையில் வைத்துப் புலவர்கள் பாடினர். முன்னே சென்று வெல்பவனுக்கு உள்ள புகழ் பின்னே நின்று காப்பவனுக்கும் உண்டு என்பது அவர்கள் கண்ட நீதி. விளையாட்டுக் களத்தில் இந்நீதி அத்துணை எளிதிற் கிடைப்பதில்லை. கோல் அடித்தவன் தோளிற் சுமக்கப்படுகிறான். அந்தப் பந்து அவனிடம் எங்கிருந்து வந்தது, யார் அதனைப் பின்னிருந்து எடுத்து அனுப்பினார் என்று கேட்பவர் சிலரே. இக்கேள்வியைக் கேளாமல் விட்டதனால் ஒரு பெருநாட்டின் ஹொக்கி ஆட்டம் எவ்வாறு தளர்ந்தது என்பதும், கேட்கத் தொடங்கிய பின் எவ்வாறு நிமிர்ந்தது என்பதும் அறியத்தக்கவை.

ஹொக்கி அணியிற் பதினொருவர் உளர். பழைய முறைப்படி ஐவர் முன்வரிசையினர், மூவர் இடைக்காவலர், இருவர் ‘ஃபுல் பேக்’ எனப்படும் பின்காவலர், ஒருவர் கோல் காப்பாளர். பின்காவலரின் முதற்கடமை எதிரியின் தாக்குதலைத் தடுத்தல் என்பதில் ஐயமில்லை. ஆனால் தடுத்த பின் பந்து அவர் கோலடியிற் கிடக்கிறதே, அதனை அவர் என்செய்வது? இவ்விடத்திற் பின்காவலர் இருவகையினர் ஆகின்றனர். ஒரு வகையினர் ஆபத்து நீங்கினாற் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்து விரட்டுவர். மற்றொரு வகையினர் தலை நிமிர்ந்து களத்தைப் பார்த்து, தம்மவர் நிற்குமிடம் அறிந்து, பந்தை அளந்து அனுப்புவர். வழி திறந்திருந்தாற் பந்துடன் தாமே முன்னேறுவர். முதல் வகையினரோடு காவல் முடிகிறது. இரண்டாம் வகையினரிடமிருந்து தாக்குதல் தொடங்குகிறது.

இந்தியா ஒலிம்பிக் ஹொக்கியில் எட்டுத் தங்கப் பதக்கங்களைப் பெற்ற நாடு. 1928, 1932, 1936, 1948, 1952, 1956, 1964, 1980 என்பன அவ்வாண்டுகள். அத்தகைய நாடு 1986ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிற் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாவதாக நின்றது. 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே தவறியது. செயற்கைப் புல்தரை வந்தது, நிருவாகம் சீர்கெட்டது, முன்வரிசையிற் பழைய மேதைகள் போன்றோர் தோன்றவில்லை என்று பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவை அனைத்திலும் உண்மை உண்டு. ஆயினும் அவற்றினிடையே மறைந்து கிடக்கும் காரணம் ஒன்று உண்டு. பின்னிருந்து தாக்குதலைத் தொடுக்க வல்ல காவலரை அந்நாடு போதிய அளவில் உருவாக்கவில்லை என்பதே அது.

இக்குறை தொடக்கத்திற் புலப்படாமற் போனதற்குக் காரணம் இந்தியாவின் வலிமையே. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாமில் இந்திய அணி 29 கோல்களை அடித்து, ஒன்றையும் வாங்காமல் முதன்முதலாகத் தங்கம் வென்றது. அவ்வணியின் தலைவராகச் சென்றவர் ஜெய்பால் சிங். ராஞ்சிப் பகுதியின் முண்டா என்னும் ஆதிவாசிக் குலத்திற் பிறந்து, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் கற்று, பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசி மக்களின் குரலாக விளங்கிய அப்பெருமகன் ஆடிய இடம் பின்காவல். பந்தைத் தூய்மையாகப் பறித்துக் குறிதவறாது அனுப்புபவர் எனப் பெயர் பெற்றவர் அவர். எனினும் அவ்வெற்றியை நினைப்போர் நாவில் முதலில் வருவது 14 கோல்கள் அடித்த தியான் சந்தின் பெயரே.

1932ஆம் ஆண்டு இந்திய அணி லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கப்பலேறிச் சென்ற வழியிற் கொழும்பில் இறங்கி இலங்கை அணியுடன் ஆடியது. முடிவு 20–0. அதே பயணத்தில் அமெரிக்காவை 24–1 என வென்றது. இத்தகைய ஆட்டங்களிற் பின்காவலருக்கு என்ன வேலை இருந்திருக்கும்? பந்து பெரும்பாலும் எதிரியின் பாதியிலேயே சுழன்றது. பின்காவலர் பந்தைச் செம்மையாக அனுப்பினாரா, வெறுமனே அடித்தாரா என்பதைச் சோதிக்கும் எதிரி அக்காலத்தில் இல்லை.

அன்றியும், அக்காலத்து ஆட்டமுறையிற் பந்தை அனுப்பும் கலை இடைக்காவலரிடமே பெரிதும் தங்கியிருந்தது. பின்காவலர் பறித்துப் பக்கத்திலுள்ள இடைக்காவலருக்குத் தருவார். அவர் முன்வரிசைக்கு ஊட்டுவார். 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடி மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்ற லெஸ்லி குளோடியஸ் இடைக்காவலரே. ஓப்சைட் விதியும் இம்முறைக்குத் துணை செய்தது. எதிரியின் முன்வரிசையினர் கோலுக்கு அண்மையிற் சென்று காத்திருக்க இயலாதபடி அவ்விதி தடுத்தமையால், பின்காவலர் தம் கோட்டைப் பேணி நின்றாலே பாதிக் கடமை முடிந்தது.

தரையின் இயல்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென்மேல் பருவமழை பெய்யும் காலத்தில் இரத்தினபுரியிலோ எட்டியாந்தோட்டையிலோ ஒரு பாடசாலை மைதானத்திற் பந்தை உருட்டிப் பார்த்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஈரமண்ணிற் பந்து பத்தடி சென்று நின்றுவிடும். மேடு பள்ளத்திற் பட்டுத் திசை மாறும். அத்தரையிற் கோலடியில் நின்று பந்தை மெல்ல அனுப்புதல் ஆபத்து. ஓங்கி அடித்தலே அறிவுடைமை. புல்தரையில் வளர்ந்த பின்காவலர் அடித்து விரட்டப் பழகியது அவர் குற்றமன்று. தரை கற்பித்த பாடம் அது.

பின்காவலருக்குப் புகழ் தந்த வாய்ப்பு ஒன்று அக்காலத்திலும் இருந்தது. அது பெனல்ட்டி கோர்னர் என்னும் மூலை அடி. 1956ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்தியா 38 கோல்கள் அடித்து ஒன்றையும் வாங்கவில்லை. ஆயினும் இறுதியாட்டத்திற் பாகிஸ்தானுக்கெதிராக ஒரேயொரு கோலே கிடைத்தது. மூலை அடியிலிருந்து அதனை அடித்தவர் பின்காவலர் ரந்திர் சிங் ஜென்டில். 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் இந்தியாவின் கோல்களிற் பெரும்பங்கு பின்காவலர் பிரித்திபால் சிங்கின் மூலை அடிகளால் வந்தது. 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண அரையிறுதியில் மலேசியாவிடம் தோற்கும் நிலையிலிருந்த அணியைக் காத்தது, மாற்று வீரராக இறங்கிய பின்காவலர் அஸ்லம் ஷேர்கானின் மூலை அடி. பாகிஸ்தானை 2–1 என வென்ற இறுதியாட்டத்தில் ஒரு கோல் பின்காவலர் சுர்ஜித் சிங்கினுடையது.

இவை பெருமைக்குரியனவே. ஆனால் இப்பெருமையே ஒரு மயக்கத்தையும் உண்டாக்கிற்று. பின்காவலரின் திறமை என்றால் மூலை அடியின் வேகம் என்று கருதப்படலாயிற்று. ஆட்டம் நின்றிருக்கும் வேளையில் நிலைநிறுத்தித் தரப்படும் பந்தைக் கோலினுள் செலுத்துதல் ஒரு திறமை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில், எதிரி நெருங்கி வரும்போது, பந்தைக் காத்து முன்னே அனுப்புதல் வேறொரு திறமை. முன்னையது கோற் கணக்கில் ஏறும். பின்னையது எக்கணக்கிலும் ஏறாது.

இவ்வேறுபாட்டை அண்டை நாட்டின் வரலாறு தெளிவாகக் காட்டும். பாகிஸ்தானின் பின்காவலர் சோஹைல் அப்பாஸ் 1998 முதல் 2012 வரை ஆடி, 348 சர்வதேசக் கோல்களைக் குவித்தார். ஒல்லாந்துப் பின்காவலர் போல் லிட்ஜன்ஸ் நிலைநாட்டியிருந்த 267 கோல்கள் என்னும் உலகச் சாதனையை அவர் 2004ஆம் ஆண்டு கடந்தார். மூலை அடியில் அவருக்கு நிகரானவர் உலகில் அரியர். எனினும் அவர் ஆடிய அவ்வாண்டுகளிற் பாகிஸ்தான் ஒலிம்பிக்கிலோ உலகக் கிண்ணத்திலோ ஒரு பதக்கமும் பெறவில்லை. பின்காவலரின் கோல்கள் அணியின் ஆட்டத்திற்கு ஈடாகமாட்டா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹொக்கி ஆடப்பட்டது. முந்திய ஆண்டில் உலகக் கிண்ணம் வென்ற இந்தியா, அங்கே அவுஸ்திரேலியாவிடம் 1–6 எனத் தோற்று, ஏழாம் இடத்தோடு திரும்பியது. செயற்கைத் தரை ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டியது, இந்தியரின் கோல் நுட்பம் அங்கே எடுபடவில்லை என்று பொதுவாகக் கூறுவர். அத்தரை பின்காவலரின் தொழிலையே மாற்றிற்று என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். மேடு பள்ளமற்ற தரையிற் பந்து அனுப்பிய வழியே பிசகாது ஓடும். கோலடியிலிருந்து நடுக்களத்தைத் தாண்டி ஒரே கொடுப்பிற் பந்தைச் சேர்ப்பிக்க இயலும். ஆகவே எதிரணியின் முன்வரிசையினர் தம் பாதிக்குத் திரும்பாமல் முன்னேறி வந்து பின்காவலரையே நெருக்கத் தொடங்கினர். நெருக்கப்பட்ட நிலையிற் கண்ணை மூடி அடித்த பந்து எதிரியின் கோலுக்கே பரிசாகச் சென்றது. சென்ற வேகத்தில் திரும்பியும் வந்தது. ஐந்து, மூன்று, இரண்டு என்ற பழைய அணிவகுப்பும் கலைந்தது. இடைக்காவலரிடம் இருந்த அனுப்பும் கலையைப் பின்காவலரும் கற்றாக வேண்டிய காலம் வந்தது.

1980ஆம் ஆண்டு மொஸ்கோவில், தமிழகத்து வீரர் வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றது. ஆனால் பல நாடுகள் புறக்கணித்த அப்போட்டியில் ஆறு அணிகளே ஆடின. அவ்வெற்றி நோயை மறைத்ததேயன்றித் தீர்க்கவில்லை. ஆறாண்டில் உலகக் கிண்ணத்திற் கடைசி இடம் வந்தது.

அவ்விருண்ட காலத்திலும் ஒரு விளக்கு எரிந்தது. பின்காவலர் பர்கத் சிங் பந்தைத் தடுத்ததோடு நில்லாமல், கோலோடு ஒட்டிக் கொண்டுபோய் எதிரியின் வட்டம் வரை ஊடுருவ வல்லவர். 1985ஆம் ஆண்டு பேர்த் நகரில் நடைபெற்ற சம்பியன் கிண்ணப் போட்டியில், ஜெர்மனிக்கெதிராக 1–5 எனப் பின்தங்கிய இந்தியா கடைசி நிமிடங்களில் 5–5 எனச் சமன் செய்ததும், அவ்வெழுச்சிக்கு அவர் காரணமாயிருந்ததும் இன்றும் பேசப்படுவன. 1992, 1996 ஆகிய இரு ஒலிம்பிக்குகளில் அவர் அணித்தலைவராகச் சென்றார். ஆயினும் ஒருவர் செய்வது கண்டு பலர் வியந்தனரேயன்றி, அவ்வாறு செய்யப் பல சிறுவர்களைப் பயிற்றும் முறை அப்போது அமையவில்லை.

இதற்கிடையில் விதிகளும் மாறின. 1990களின் பிற்பகுதியில் ஓப்சைட் விதி அடியோடு நீக்கப்பட்டது. களம் நீண்டது, பின்னிருந்து வரும் நெடுங்கொடுப்பின் மதிப்பு உயர்ந்தது. 2009ஆம் ஆண்டில், தவறுக்காகக் கிடைக்கும் அடியை எடுப்பவர் பிறருக்குக் கொடுக்காமல் தாமே பந்துடன் நகரலாம் என்ற விதி வந்தது. பின்காவலர் பந்தைப் பறித்தவுடன் காலந்தாழ்த்தாது முன்னேற இது கதவு திறந்தது. இம்மாற்றங்களுக்கேற்ப ஐரோப்பிய நாடுகளும் அவுஸ்திரேலியாவும் தம் பின்வரிசையைப் பயிற்றின. இந்தியா 2008இல் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் நடைபெற்ற தகுதிகாண் போட்டியிற் பிரித்தானியாவிடம் 0–2 எனத் தோற்று வெளியேறியது. 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கிற் கலந்துகொண்டும் கடைசி இடமே பெற்றது.

கனடாவில் பனித்தரையில் ஆடப்படும் ஹொக்கி வேறோர் ஆட்டம். அங்கே பந்துக்குப் பதிலாகத் தட்டையான வில்லை. களத்தில் அணிக்கு அறுவர். அவருள் இருவர் காவலர். எனினும் இதே கேள்வி அங்கும் எழுந்தது. அதற்கு அவர்கள் முன்பே விடை கண்டனர். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்ற மொன்றியல் அணியில், டக் ஹார்வி என்னும் காவலர் வில்லையைத் தம்மிடம் வைத்து ஆட்டத்தின் வேகத்தையே தம் விருப்பப்படி கூட்டியும் குறைத்தும் நடத்தினார். பின்னர் பொஸ்ரன் அணியின் பொபி ஓர், 1969–70 பருவத்தில் 120 புள்ளிகள் பெற்று, முன்வரிசையினர் அனைவரையும் விஞ்சி முதலிடம் பெற்ற முதற் காவலரானார். அவ்வாட்டத்திற் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அக்கோலுக்கு வழிசெய்யும் கொடுப்பைத் தந்தவருக்கும் ஒரு புள்ளி. கொடுத்தவனின் பெயரும் ஏட்டில் எழுதப்பட்டதனாலேயே பின்நிற்பவனின் ஆக்கம் உலகிற்குத் தெரிந்தது. புல்தரை ஹொக்கியில் நெடுங்காலம் கோல் ஒன்றே எழுதப்பட்டது. எழுதப்படாத திறமை மதிக்கப்படாமற் போயிற்று.

இந்தியாவின் மீட்சி பின்வரிசையிலிருந்தே வந்தது என்றாற் பொருந்தும். ஒடிசா மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டத்து ஆதிவாசி இளைஞரான திலீப் திர்க்கி, நானூற்றுக்கு மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் அரணாக நின்று, அணித்தலைவராகவும் உயர்ந்தார். அம்மாவட்டத்து விளையாட்டு விடுதிகளிலிருந்து மேலும் பல காவலர் வந்தனர். 2018 முதல் ஒடிசா அரசு தேசிய அணிக்கே ஆதரவாளராயிற்று. கொரோனாவினால் ஓராண்டு பிந்தி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜெர்மனியை 5–4 என வென்று, நாற்பத்தோராண்டுகளின் பின் இந்தியா ஒரு பதக்கம் பெற்றது. 2024இற் பாரிஸ் நகரில் மீண்டும் வெண்கலம் கிடைத்தது. அங்கே அணித்தலைவரான பின்காவலர் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல்களை அடித்துப் போட்டியிலேயே முதலிடம் பெற்றார். மூலை அடியே அவர் புகழுக்குக் காரணம் எனினும், எதிரிகளின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கி நெடுந்தொலைவில் நிற்கும் தம் வீரனிடம் இறக்கும் அவரது கொடுப்பும் அதற்குக் குறைந்த ஆயுதமன்று.

அப்போட்டியின் காலிறுதியிற் பிரித்தானியாவுக்கெதிராகப் பின்காவலர் அமித் ரோஹிதாஸ் பதினேழாம் நிமிடத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பத்துப்பேர் நாற்பது நிமிடங்களுக்கு மேலாகப் போராடி 1–1 எனச் சமன் செய்து, பின்னர் நடந்த தனியடிகளில் 4–2 என வென்றனர். அவ்வீரர் தடையினால் ஆடமுடியாத அரையிறுதியில் இந்தியா ஜெர்மனியிடம் 2–3 எனத் தோற்றது. தோல்விக்கு ஒரு காரணம் மட்டும் கூறுதல் முறையன்று. ஆனால் ஒரு பின்காவலரின் இன்மையை நாடு முழுவதும் உணர்ந்து பேசிய நாள் அது.

ஜெய்பால் சிங், 1970களில் ஆடிய மைக்கேல் கிண்டோ, திலீப் திர்க்கி ஆகிய பின்காவலர் மூவரும் சோட்டா நாக்பூர் மேட்டு நிலத்தையும் அதனை அடுத்த காட்டுப் பகுதிகளையும் சேர்ந்த ஆதிவாசி மக்கள். சப்ரகமுவத் தோட்டத்து மக்களுக்கு இவர்கள் முற்றிலும் அந்நியரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தமிழர் இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டது போலவே, அம்மேட்டு நிலத்து மக்கள் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இரு சாராரும் நாட்டின் செல்வத்தைப் பின்னிருந்து தாங்கியவர்கள். இரு சாராரின் பெயரும் கணக்கேட்டில் முன்னே எழுதப்படவில்லை. அம்மக்களின் பிள்ளைகள் மூங்கிற் கழியைக் கோலாகக் கொண்டு பழகி உலகக் களத்தில் நின்றனர் என்பது, இறக்குவானையிலும் தெரணியகலையிலும் லயத்து முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு.

சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் ஹொக்கி பரவலான ஆட்டமன்று. தேயிலையும் இறப்பரும் நிறைந்த சரிவு நிலத்தில் அதற்கேற்ற சமதளம் கிடைப்பதே அரிது. கரப்பந்தாட்டமும், உதைபந்தாட்டமும், கிரிக்கெற்றுமே அங்கு மிகுதி. ஆயினும் இங்கு கூறிய உண்மை எல்லா ஆட்டங்களுக்கும் பொது. கரப்பந்தாட்டத்தில் எதிரி அனுப்பும் பந்தைப் பின்வரிசையில் நிற்பவன் பதமாக ஏற்றுக் கொடுத்தாலன்றி, வலையருகே உயர்ந்தெழுந்து அடிப்பவனுக்கு வேலையே இல்லை. அவ்வாறிருந்தும் பாடசாலை அணிகளிற் பின்னிடம் யாருக்குத் தரப்படுகிறது? வேகமுள்ளவன் முன்னே செல்கிறான். கோல் அடிக்கத் தெரிந்தவன் நடுவே நிற்கிறான். ஓடமாட்டாதவன், பருத்தவன், கூச்சமுடையவன் எனக் கருதப்படும் பிள்ளை பின்னே நிறுத்தப்படுகிறான். “வந்த பந்தை அடித்து விரட்டு” என்பதே அவனுக்குக் கிடைக்கும் ஒரே கட்டளை. பந்தைப் பார், நிதானி, யாருக்குக் கொடுக்கலாமென எண்ணு என்று அவனுக்கு எவரும் சொல்வதில்லை. ஆண்டுகள் பல அவ்வாறு நின்ற பிள்ளை, தனக்கு எண்ணும் வேலை இல்லை என்றே நம்பிவிடுகிறான்.

இந்தியாவின் ஹொக்கி ஏறத்தாழ நாற்பதாண்டுகளை இழந்து கற்ற பாடத்தைச் சிறு பாடசாலை ஒன்று ஒரு தவணையிற் கற்றுக்கொள்ளலாம். அதற்குச் செயற்கைத் தரை வேண்டியதில்லை. பயிற்சியின்போது பின்காவலரும் சிலவேளை முன்வரிசையில் ஆடட்டும். முன்வரிசையினர் பின்னே நின்று பார்க்கட்டும். பின்னிருந்து அனுப்பிய கொடுப்புத் தவறிப் பந்து பறிபோனால், அப்பிள்ளையை அதட்டாது மறுமுறையும் அனுப்பச் செய்தல் ஆசிரியர் கடன். ஆட்டம் முடிந்தபின் பாடசாலையின் குறிப்பேட்டிற் கோல் அடித்தவன் பெயரின் பக்கத்தில், அந்தப் பந்தைப் பின்னிருந்து தொடுத்தவன் பெயரையும் எழுதி, மறுநாட் காலைக்கூட்டத்தில் இரு பெயர்களையும் ஒருங்கே வாசித்தால் அதுவே நல்ல தொடக்கமாகும்.